பச்சைக்குள் ஒளிந்திருந்த நீலம்

முதலில் அந்த வாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எனக்குக் கை ஓடாது. கூல்டியன் ஃபின்ச் குஞ்சு. பொரித்து இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருக்கும். உடம்பில் ஒரு பூமயிர்கூடக் கிடையாது, கண்ணும் திறக்கவில்லை. வெறும் ரோஸ் நிறத் தோல். மரப்பெட்டியின் மூடியை அண்ணன் விலக்கிய அசைவுக்கு அது வாயைப் பிளந்தது பாருங்கள், இரண்டு கடைவாயிலும் நீல மணிகள்! கறுப்புக் கரை கட்டிய நீல மணிகள்! அண்ணத்தில் கரும்புள்ளிகள் வேறு. நான் போட்ட கூச்சலில் எதிர்க்கூண்டு ஜோடி படபடத்து மேல்கம்பிக்குத் தாவியது.

அந்த மணிகள் தாமாக ஒளிர்வதில்லை. கிடைக்கிற துளி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகின்றன, அவ்வளவுதான். வட ஆஸ்திரேலியப் புல்வெளிக் காடுகளில் கூல்டியன் மரப்பொந்துக்குள் கூடு வைக்கிறது. இருட்டான பொந்துக்குள் தாய் வந்து நுழையும்போது எந்தப் பக்கம் தானியத்தைக் கொட்டுவது என்று காட்ட இந்த ஏற்பாடு. இத்துனூண்டு சதைக்கு இத்தனை அலங்காரம்!

"இதுக்கே இப்படியா தம்பி? இது இன்னும் கலரே ஆரம்பிக்கலியே" என்றார் அண்ணன், பெட்டியைச் சட்டென்று மூடிவிட்டு.

வட சென்னையில் ஒரு மொட்டை மாடி. தகர ஷெட், உள்பக்கம் தெர்மோகோல் ஒட்டிய கூரை, ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். சுவர் நெடுக அடுக்கடுக்காகக் கம்பிக் கூண்டுகள், கூண்டுக்கு ஒரு ஜோடி. தரையெல்லாம் தினை உமி, கால் வைத்தால் நெறுநெறுக்கிறது. ஜீப்ரா ஃபின்ச்சுகளுக்கு மண்கலயம், கூல்டியனுக்கு மரப்பெட்டி. மூலையில் தேங்காய் நார்க் கட்டு. கம்பியில் செருகிய கடல்நுரைத் துண்டுகள், கொத்தி வைத்த தடங்களோடு. எங்கு பார்த்தாலும் 'மீப் மீப்' சத்தம். பறவைகளைப் பார்த்துக்கொள்வது அண்ணன். கணக்கு வைத்திருப்பது அக்கா. யார் யாருக்குப் பிறந்தார்கள், எந்தக் காலில் என்ன ரிங், எந்த ஜோடி எத்தனை முட்டை என்று நீள நோட்டில் குண்டு குண்டான எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். இந்த அறையில் நடப்பது அத்தனையும் அந்த நோட்டுக்குள் முன்கூட்டியே நடந்துவிடுகிறது என்பதுதான் எனக்கு முதல் ஆச்சரியம்.

முதல் கூண்டில் சாதாரண சாம்பல் நிற ஜீப்ரா ஃபின்ச். அண்ணன் அங்கேதான் தொடங்கினார். "இவருதான் மூலவர். மத்ததெல்லாம் உற்சவர்."

மூலவரைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பன்னிரண்டு கிராம் சொச்சம் எடை. முதுகு சாம்பல். ஆணுக்குக் கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டு, தொண்டையில் மெல்லிய கறுப்பு வெள்ளைக் கோடுகள், மார்பில் கறுப்புப் பட்டை, விலாவில் செம்பழுப்பு, அதன்மேல் வெள்ளைப் புள்ளிகள். கண்ணிலிருந்து வழிகிற மாதிரி ஒரு கறுப்புக் கோடு. அலகு பவளச் சிவப்பு. பெண்ணுக்குக் கன்னமும் தொண்டைக்கோடும் கிடையாது, அலகு ஆரஞ்சு. இது ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் கூட்டம் கூட்டமாகத் திரிகிற பறவை. கூண்டுக்கு வந்து நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. 2010-இல் மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டபோது, கோழிக்கு அடுத்து அந்தப் பெருமையைப் பெற்றது இந்தச் சின்ன உடம்புதான்.

இந்த ஒரு பறவையின் உடம்பில் மூன்று தனித்தனிப் பட்டறைகள் வேலை செய்கின்றன. ஒன்று கறுப்பு நிறமி செய்கிறது. இரண்டாவது செம்பழுப்பு நிறமி செய்கிறது. கன்னத்து ஆரஞ்சும் விலாவின் செம்பழுப்பும் அதன் கைவேலை. இந்த இரண்டும் மெலனின் வகை, உடம்பே தயாரித்துக்கொள்ளும். மூன்றாவது அலகின் சிவப்பு. அதற்கான மூலப்பொருளை எந்தப் பறவையாலும் உடம்பில் செய்ய முடியாது. தீனியிலிருந்துதான் வர வேண்டும்.

புது நிறம் பிறந்தது என்று கேட்டதும் ஏதோ புதிதாகச் சேர்ந்திருக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். கூண்டு கூண்டாக நகர நகர விஷயம் தலைகீழாகிவிட்டது. பெரும்பாலான நிறங்களில் இந்தப் பட்டறைகளில் ஏதோ ஒன்று வேலையை நிறுத்தியிருக்கிறது அல்லது பாதியில் விட்டிருக்கிறது. ஒன்று நின்றால்தான் அதன் பின்னால் இருந்தது தெரிகிறது!

இரண்டாவது கூண்டில் ஃபான். கறுப்பு கறுப்பாக முடியாமல் பழுப்பிலேயே நின்றுவிட்ட பறவை. முதுகு பால் ஊற்றிய காபி நிறம். கண்ணீர்க் கோடு, மார்புப் பட்டை, வால் பட்டை எல்லாமே அடர்பழுப்பு. ஆனால் கன்னத்து ஆரஞ்சு அப்படியே இருக்கிறது, அலகும் சிவப்பு. ஒரு பட்டறையில் மட்டும் கோளாறு, மற்ற இரண்டும் ஜோராக நடக்கின்றன.

அடுத்தது வெள்ளை. 1921-இல் சிட்னியில் ஒருவரின் பறவைக் கூண்டில் முதன்முதலாகப் பதிவான நிறம் என்று பறவை வளர்ப்போர் வரலாறு சொல்கிறது. உடம்பு முழுக்கப் பஞ்சு வெள்ளை, ஆனால் கண் கறுகறுவென்று இருக்கிறது, அலகு சிவப்பு. அதாவது கருநிறமி செய்யும் கலை உடம்புக்கு மறந்துபோகவில்லை; இறகுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். கன்னம், விலா எல்லாம் போய்விட்டதால் ஆணா பெண்ணா என்று அறிய அலகைத்தான் பார்க்க வேண்டும். ஆழ்ந்த சிவப்பென்றால் ஆண், ஆரஞ்சென்றால் பெண். சில வெள்ளைகளுக்கு இளவயதில் முதுகில் இரண்டு மூன்று சாம்பல் பொட்டு எட்டிப் பார்க்கும். மூலவரின் கையெழுத்து!

அதற்கப்புறம் எனக்குத் தலைகால் புரியவில்லை. பிளாக் சீக்: கன்னத்தில் ஆரஞ்சுக்குப் பதில் மசிக்கறுப்பு. ஆரஞ்சு பிரெஸ்ட்: அதற்கு நேரெதிர், மார்புப் பட்டையும் கண்ணீர்க் கோடும் கறுப்பை விட்டுவிட்டு ஆரஞ்சாக நிற்கின்றன. பென்குயின்: தொண்டைக் கோடும் மார்புப் பட்டையும் மறைந்து அடிப்புறம் முழுக்க வெள்ளை. பைட்: அங்கங்கே வெள்ளைத் திட்டு, ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. சிஎஃப்டபிள்யூ: உடம்பு வெள்ளை, ஆனால் ஆணின் கன்னத்து ஆரஞ்சும் விலாவின் செம்பழுப்பும் தங்கிவிடுகின்றன. இதில் ஒன்றையும் இன்னொன்றையும் சேர்த்தால் மூன்றாவது பிறக்கிறது. சேர்க்கைகளுக்கு முடிவே இல்லை, எல்லாவற்றையும் எழுதினால் இந்த இதழ் போதாது.

ஒன்றை மட்டும் விடமுடியாது. கடைசி வரிசையில் எல்லோ பீக். உடம்பு முழுக்க மூலவரேதான். கன்னம் ஆரஞ்சு, மார்பு கறுப்பு, ஒரு குறையும் இல்லை. அலகும் காலும் மட்டும் மஞ்சள். இந்த மஞ்சள் அலகுக்குப் பின்னால் ஒரு துப்பறியும் கதையே இருக்கிறது. தினையிலும் கீரையிலும் கிடைப்பது மஞ்சள் நிறமிதான். அதைப் பறவை தன் உடம்பில் சிவப்பாக மாற்றிக்கொள்கிறது. எப்படி மாற்றுகிறது என்பது நெடுநாள் தெரியாமல் இருந்தது. நிக்கோலஸ் மண்டியும் அவர் குழுவினரும் இந்த மஞ்சள் அலகு ஃபின்ச்சுகளை எடுத்து, மூலவரிடம் சரியாக இருந்து இவற்றிடம் பழுதான இடத்தைத் தேடினார்கள். சி.ஒய்.பி.2ஜே19 என்ற மரபணு சிக்கியது. அது செய்யும் நொதிதான் மஞ்சளைச் சிவப்பாக்குகிறது. இது 2016-இல்.

அதே ஆண்டு இன்னொரு குழு எதிர்த்திசையிலிருந்து வந்து அதே மரபணுவில் முட்டிக்கொண்டது! அவர்கள் எடுத்தது சிவப்பு கேனரி. கேனரிக்குப் பிறவியில் சிவப்பு கிடையாது. 1920-களில் ஜெர்மனியின் பிரெமன் நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஹான்ஸ் டுங்கர், வெனிசுவேலாப் பக்கத்துச் சிவப்பு சிஸ்கின் பறவையோடு கேனரியை இணைசேர்த்துச் சிவப்பைக் கொண்டுவர முயன்றார். பிறகு வந்தவர்கள் அதைத் தொடர்ந்து முடித்தார்கள். கழித்தலால் பிறக்காமல் கடன் வாங்கிப் பிறந்த அபூர்வ நிறம் அது. சிஸ்கினிடமிருந்து கேனரிக்குள் வந்து தங்கியது எது என்று தேடியபோது கிடைத்ததும் அதே சி.ஒய்.பி.2ஜே19. ஒரு பறவை இழந்ததும் இன்னொரு பறவை பெற்றதும் ஒரே சாவி! இதைப் படித்த அன்று நான் வீட்டில் எல்லோரையும் எழுப்பிச் சொன்னேன். ஆனால் அந்தச் சிவப்புக்காகவே பிடிக்கப்பட்டுப் பிடிக்கப்பட்டு, சிவப்பு சிஸ்கின் இன்று காட்டில் அருகிப்போய் நிற்கிறது. அதையும் சொல்லாமல் அந்தக் கேனரியின் அழகை என்னால் முழுதாகச் சொல்ல முடியாது.

அக்காவின் நோட்டுக்கு வருவோம்.

"இந்தப் பக்கத்தப் பாருங்க. அப்பன் ஃபான், ஆத்தா சாம்பல். நாலு குஞ்சு. கன்னம் வர்றதுக்கு முன்னாடியே எது பொண்ணு எது பையன்னு நான் எழுதிட்டேன்." நான்கு கோடு, இரண்டில் 'ஃபான் – பெண்', இரண்டில் 'சாம்பல் – ஆண், ஸ்பிளிட்'. அதன் பக்கத்தில் பச்சை மையில் சரி என்று டிக்.

இது ஜோசியம் இல்லை. மனிதரில் ஆணுக்கு எக்ஸ் ஒய், பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். பறவையில் திருப்பிப் போட்டிருக்கிறது: ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம், பெண்ணுக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. ஃபான் நிறம் இசட்டில் உட்கார்ந்திருக்கிறது. மகளுக்குக் கிடைக்கிற ஒரே இசட் அப்பனிடமிருந்து வருவது. அப்பன் ஃபான் என்றால் மகள் ஃபானாகத்தான் இருந்தாக வேண்டும், மறைக்க இன்னொரு இசட் அவளிடம் இல்லை. மகனுக்கு அப்பனிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. அம்மாவின் சாம்பல் மேலே நின்று ஃபானை மறைத்துவிடும். பார்வைக்கு அவன் சுத்தச் சாம்பல், உள்ளுக்குள் ஃபான் இருக்கிறது. அவனைத்தான் ஸ்பிளிட் என்கிறார்கள்.

ஜோடியைத் திருப்பிப் போடுங்கள். அப்பன் சாம்பல், அம்மா ஃபான் என்றால் குஞ்சு எல்லாமே சாம்பல். மகன்கள் அத்தனை பேரும் ஸ்பிளிட், மகள்களிடம் ஃபானின் சுவடே இருக்காது. ஒரே இரண்டு நிறம், ஒரே இரண்டு பறவை வகை, யார் அப்பன் யார் அம்மா என்பதை மாற்றினால் கூடு முழுக்க மாறிவிடுகிறது! "பொம்பளகிட்ட ஸ்பிளிட்டே கெடையாது தம்பி. என்னவோ அது வெளிய தெரிஞ்சிரும்" என்றார் அக்கா. அண்ணன் வாயைத் திறக்கவில்லை.

வெள்ளை, பென்குயின், பிளாக் சீக் மாதிரியான நிறங்கள் இசட்டில் இல்லை, மற்ற குரோமோசோம்களில் இருக்கின்றன. அங்கே ஆண் பெண் பேதம் கிடையாது. இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். ஸ்பிளிட்டோடு ஸ்பிளிட்டைப் போட்டால் சராசரியாக நான்கில் ஒன்று வெள்ளை, இரண்டு ஸ்பிளிட், ஒன்று சுத்தச் சாம்பல். சிக்கல் எங்கே என்றால், அந்த மூன்று சாம்பலும் கண்ணுக்கு ஒன்றேதான். எது ஸ்பிளிட், எது இல்லை என்று இறகைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஒரே வழி, அதை வெள்ளையோடு ஜோடி போட்டுக் காத்திருப்பது. ஒரு குஞ்சாவது வெள்ளையாக வந்துவிட்டால் தீர்ந்தது வழக்கு. வரவே இல்லையென்றால் அடுத்த ஈட்டுக்குக் காத்திருக்க வேண்டும். ஸ்பிளிட் என்று சொல்லி ஒரு பறவையை விற்பவரின் சொல்லுக்கு மதிப்பே அவர் வைத்திருக்கும் நோட்டில்தான் இருக்கிறது. அக்காவின் நோட்டை நான் இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தேன்.

முட்டைக்குள்ளேயே கதை தொடங்கிவிடுகிறது. நாலைந்தாம் நாள் டார்ச்சைப் பிடித்தால் உள்ளே சிவப்பு நரம்பு வலை. பன்னிரண்டு பதினான்கு நாளில் பொரிப்பு. சாம்பல் குஞ்சுக்கு மூடிய இமைக்கு அடியில் கண் கறுப்பாகத் தெரியும். சில வெளிர் நிறங்களில் அது சிவப்பாகத் தெரியும். உடம்பில் ஓர் இறகு முளைக்கும் முன்பே நிறத்தின் முதல் துப்பு அந்த இமையில்! மூன்று வாரத்தில் கலயத்தை விட்டு வெளியே குதிக்கின்றன, அலகு கறுப்பாக. அது சிவப்பதற்கு இன்னும் சில வாரம் போக வேண்டும்.

இப்போது கூல்டியன் வரிசை. இங்கேதான் எனக்கு மூச்சு நின்றது.

ஆங்கிலேயப் பறவையியலாளர் ஜான் கூல்ட் 1844-இல் இதற்குத் தன் மனைவி எலிசபெத்தின் பெயரை வைத்தார். அவருடைய நூல்களுக்கு நூற்றுக்கணக்கான பறவைகளைத் தீட்டித் தந்த ஓவியர் எலிசபெத். கணவரோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிப் போய் வந்தவர், 1841-இலேயே காலமாகிவிட்டார். ஓவியரின் பெயர் இந்தப் பறவைக்குப் போனதில் எனக்கு அத்தனை சந்தோஷம். முதுகு புல் பச்சை, மார்பு ஊதா, வயிறு மஞ்சள், கழுத்தைச் சுற்றி மயில்நீலப் பட்டை, பிட்டம் வெளிர் நீலம். முகம் கறுப்பு அல்லது சிவப்பு, எப்போதோ ஒன்றுக்கு மஞ்சள்.

காட்டிலேயே இந்த மூன்று முகமும் உண்டு. பத்தில் ஏழுபோலக் கறுப்பு, மீதி சிவப்பு. மஞ்சள் நூற்றில் ஒன்றுகூடத் தேறாது. சிவப்பு முகம் இசட்டில் இருக்கிறது, கறுப்பை மறைக்கும். 2018, 2019-இல் வந்த ஆய்வுகள் அந்த இடத்தை ஃபோலிஸ்டாட்டின் என்ற மரபணுவுக்குப் பக்கத்தில் கண்டுபிடித்தன. இரண்டு நிறத்தையும் இயற்கைத் தேர்வே தராசு பிடித்து நெடுங்காலமாகக் காப்பாற்றி வந்திருக்கிறது என்றும் காட்டின. மஞ்சள் முகம் வேறு குரோமோசோம் விவகாரம். அதிலும் மஞ்சளைச் சிவப்பாக்கும் வேலைதான் நின்றுபோயிருக்கிறது.

அண்ணன் ஒரு கறுப்பு முகப் பறவையைக் காட்டி, "இது மஞ்சளா கறுப்பா, சொல்லுங்க பாப்போம்" என்றார். கறுப்பு, சந்தேகமென்ன? "அலகு நுனியப் பாருங்க." வெள்ளை அலகின் நுனியில் மற்ற கறுப்பு முகங்களுக்குச் செம்பொட்டு இருந்தது. இதற்கு மட்டும் மஞ்சள் பொட்டு! முகத்தில் கறுப்பு மூடிக்கொண்டதால் மஞ்சளுக்கு இடம் கிடைக்கவில்லை. உள்ளே இருப்பதை அலகின் நுனி மட்டும் சொல்லிவிட்டது. கடுகளவு பொட்டு. அதைப் பார்த்துவிட்டு நான் ஒவ்வொரு கூண்டாகப் போய் அலகு நுனி பார்க்கத் தொடங்கிவிட்டேன், அக்கா மோர் கொண்டுவந்து வைத்ததுகூடத் தெரியாமல்.

அப்புறம் அந்த நீலம். பச்சை இருக்க வேண்டிய முதுகு முழுக்க வானநீலம். வயிறு மஞ்சள் போய் வெள்ளை. சிவப்பாக இருந்திருக்க வேண்டிய முகம் வெளிறிய சந்தன நிறம். மார்பில் ஊதா மட்டும் அப்படியே.

இந்த நீலம் எங்கிருந்து வந்தது? வரவே இல்லை, முதலிலிருந்தே இருக்கிறது! கூல்டியனின் உடம்பில் பச்சை நிறமி என்று ஒன்று கிடையவே கிடையாது. இறகின் உட்புறம் கண்ணுக்கே தெரியாத நுண்ணிய துளைகளும் காற்றும் கலந்த அமைப்பு; அது வெளிச்சத்தில் நீலத்தை மட்டும் சிதறடிக்கிறது. அடியில் இருக்கும் கருநிறமி மற்றவற்றை விழுங்கிக்கொள்கிறது. அந்த நீலத்தின்மேல் தீனியில் வந்த மஞ்சள். நீலச் சட்டைமேல் மெல்லிய மஞ்சள் துப்பட்டா போட்டால் பச்சை தெரிகிற மாதிரிதான் நாம் பார்க்கிற பச்சை முதுகு. மஞ்சள் வந்து படியாத பறவையில் துப்பட்டா இல்லை, சட்டை தெரிகிறது. கழுத்துப் பட்டையிலும் பிட்டத்திலும் காட்டுப் பறவைகூட அந்தச் சட்டையைக் கொஞ்சம் காட்டிக்கொண்டுதான் பறக்கிறது.

அண்ணன் கூண்டுத் தட்டிலிருந்து உதிர்ந்த நீல இறகு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். உள்ளங்கையில் வைத்தால் நீலம். ஜன்னல் பக்கம் தூக்கி, வெளிச்சம் இறகைத் துளைத்து வருகிற மாதிரி பிடித்தேன். நீலம் போயே போய்விட்டது! மங்கிய பழுப்பு. இறக்கினால் மறுபடி நீலம். ஏற்றினேன், இறக்கினேன், ஏற்றினேன். அந்த நீலத்தில் ஒரு சொட்டு நீலச் சாயம்கூட இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இதையே எதிர்ப்பக்கமாகப் பாருங்கள். மஞ்சளை விட்டுவிட்டு அடியில் இருக்கிற கருநிறமியை நிறுத்தினால்? நீலத்துக்குப் பின்திரை போய்விடும், மஞ்சள் மட்டும் மிஞ்சும். அதுதான் மஞ்சள் உடம்புக் கூல்டியன். இரண்டையும் நிறுத்தினால் சில்வர், கிட்டத்தட்ட வெள்ளி வெள்ளை. பச்சை, நீலம், மஞ்சள், சில்வர் நான்கும் இரண்டே இரண்டு திறப்புகளின் விளையாட்டு! ஐரோப்பாவில் பரவிய மஞ்சள் வகை இசட்டில் இருக்கிறது. ஆணிடம் ஒரு பங்கு மட்டும் இருந்து மார்பும் ஊதா என்றால் அவன் வெளிர்பச்சையாக நடுவில் நிற்பான். பெண்ணுக்கு நடு என்பதே கிடையாது, ஒரு பங்கு வந்தாலே முழு மஞ்சள்தான். அக்கா சொன்னது நினைவிருக்கிறதல்லவா.

1960-இல் ஆஸ்திரேலியா தன் பறவைகளை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு ஆஸ்திரேலியாவுக்கு வெளியே கூண்டில் பிறந்த கூல்டியன்கள் பெரும்பாலும் கூண்டுப் பறவைகளின் வழிவந்தவைதான். சின்ன வட்டத்துக்குள்ளே சொந்தம் விட்டுப்போகாமல் ஜோடி போட்டதில் மறைந்திருந்த நிறங்கள் வெளியே வந்தன. அதே காரணத்தால் பலவீனங்களும் வந்தன. நீலத்தோடு நீலத்தையே திரும்பத் திரும்பப் போடாமல், நல்ல திடமான பச்சை ஸ்பிளிட்டோடு போட வேண்டும் என்று அண்ணன் அடித்துச் சொல்கிறார். "பறவ மொதல்ல, கலரு அப்புறம்."

அந்த அறையில் நடக்கவே நடக்காத ஒரு ஜோடியும் உண்டு: கொண்டையும் கொண்டையும். தலையில் பூ வைத்த மாதிரி கொண்டை முளைக்கும் ஜீப்ரா ஃபின்ச் உண்டு. ஒரு பங்கு போதும், கொண்டை வந்துவிடும். இரண்டு பங்கு சேர்ந்த கரு முட்டையிலேயே செத்துவிடும். கொண்டையை எப்போதும் கொண்டையில்லாததோடுதான் சேர்க்க வேண்டும். அக்காவின் நோட்டில் கொண்டைக்காரர்களின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் பெருக்கல் குறி. நிறத்தையும் வடிவத்தையும் ஆசைப்படுகிறவர்களுக்கு இந்தச் சிவப்பு மை கட்டாயம் வேண்டும்.

ஷெட்டின் வாசல் பக்கம் வெள்ளையும் பழுப்பும் கலந்து, சாதுவாக ஒன்றையொன்று ஒட்டி உட்கார்ந்திருந்த கூட்டம் பெங்காலீஸ். கூல்டியன் அடைகாக்க மறுத்தால் முட்டையை இவற்றுக்கு அடியில் வைத்துவிடுவார்கள், யார் பெற்ற முட்டையையும் பொரித்து ஊட்டி ஆளாக்கும். இதன் மூதாதை வெண்முதுகுச் சில்லை. ஆம், நம் ஊர் வயலோரங்களிலும் பறக்கிற அதே இனம்தான்! சீனத்திலிருந்து ஜப்பானுக்குப் போய், சுமார் 250 ஆண்டுகள் கூண்டில் வளர்ந்து இப்படி ஆகியிருக்கிறது. ஆனால் வளர்ப்புத் தாயிடம் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. பெங்காலீஸ் வளர்த்த ஜீப்ரா ஆண்கள் பெரிதானதும் பெங்காலீஸ் பெண்களையே தேடிப் போனதை ஜெர்மன் ஆய்வாளர் கிளாஸ் இம்மெல்மன் காட்டினார். ஊட்டிய முகம் மனதில் பதிந்துவிடுகிறது. அண்ணன் முடிந்தவரை கூல்டியனையே அடைகாக்க விடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சில்லைகள் பற்றிப் பேச்சு வந்ததும் அண்ணனின் முகம் மாறியது. நம் நாட்டுச் சில்லைகளைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைப்பதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனாலும் வலைபோட்டுப் பிடித்து, பச்சையும் ரோஸும் சாயம் முக்கி, 'கலர் குருவி' என்று கூடையில் வைத்து விற்கிறார்கள். சாயம் நனைந்த இறகோடு அந்தப் பறவைகள் பலவும் பிழைப்பதில்லை. குழந்தை அழுகிறது என்பதற்காகக்கூட ஒன்றை வாங்காதீர்கள். வாங்கினால் அடுத்த வலைக்குக் காசு கொடுத்ததாகத்தான் ஆகும். இறகுக்குள்ளிருந்து பிறக்கிற நிறத்தை ஒருமுறை பார்த்தவர்களுக்கு அந்தக் கூடையைப் பார்த்தால் வயிறு எரியும்.

நான் போன நாள் நல்ல நாளாக அமைந்தது. கூல்டியன் குஞ்சு கூட்டை விட்டு வரும்போது சாம்பலும் பாசியும் கலந்த மங்கல் நிறம். பெரிய நிறங்கள் எல்லாம் முதல் இறகு உதிர்வில்தான் வரும், அதுவும் மொத்தமாக வராது. இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு கீற்று என்று மாதக்கணக்கில் நடக்கிற வேலை. மூலைக் கூண்டில் அப்படிப் பாதி உதிர்த்த ஒரு பொடியன் இருந்தான். அப்பன் ஊதா மார்பு, உள்ளே வெள்ளை ஸ்பிளிட். அம்மா வெள்ளை மார்பு. பிள்ளைக்கு ஊதாவும் வரலாம், வெள்ளையும் வரலாம், பாதிக்குப் பாதி. அண்ணன் வெள்ளை என்கிறார், அக்கா ஊதா என்கிறார். நோட்டில் இரண்டு பேரின் பந்தயமும் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறது. தோற்றவர் ஒரு வாரம் தட்டுக் கழுவ வேண்டும், பறவைத் தட்டு, வீட்டுத் தட்டு இரண்டும்.

பொடியன் கடல்நுரையைக் கொத்த எங்கள் பக்கம் திரும்பினான். மார்பின் சாம்பலுக்கு நடுவே, இடது ஓரத்தில், உறை உடைந்து நீட்டிக்கொண்டிருந்தது ஒரு இறகு. நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் குனிந்ததில் தலையும் தலையும் இடித்துக்கொண்டன.

"ஊதா! ஊதா! ஏங்க, ஊதாங்க!" என்று அக்கா கத்தியதில் ஷெட் முழுக்க மீப் மீப் என்று பதில் சொன்னது. அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு இறகை வைத்து எப்படிச் சொல்வது, இன்னொன்றும் வரட்டும் என்று வாதாடிக்கொண்டிருக்கும்போதே, அக்கா பச்சைப் பேனாவைத் திறந்து டிக் போட்டுவிட்டு, இவன் தங்கச்சிக்கு முகம் சிவப்பா கறுப்பா என்று அடுத்த பந்தயத்துக்குக் கோடு கிழிக்க ஆரம்பித்துவிட்டார். நான் சிவப்பில் பத்து ரூபாய் கட்டியிருக்கிறேன்!